பூரிம் முடிந்த பிறகு சுழன்ற கிலுகிலுப்பை

சந்தையில் மீன் விற்கிற ஸ்லாட்டாவிடம் இன்று போலீஸ்காரன்கூடக் குரலை உயர்த்த மாட்டான். எட்டு வயதில் அவள் யாராவது அதட்டினாலே பாவாடையை நனைத்துவிடுவாள். காரணம் மாற்றாந்தகப்பன் கெட்சல். வண்டிக்காரன். குதிரைச் சாட்டையாலேயே பெண்டாட்டி ஹின்டாவையும் அடிப்பான். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு ஒவ்வொரு அடியும் கேட்கும். குடும்பச் சண்டை என்று தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

அந்த வருஷம் பூரிம் பண்டிகையன்று ஜெபக்கூடத்தில் எஸ்தர் கதை வாசித்தார்கள். யூதர்களான நம் ஜனத்தைக் கொல்லப் பார்த்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றி அந்தப் பெயர் யார் காதிலும் விழாதபடி செய்தார்கள். பெரியவர்கள் தரையை உதைத்தார்கள். கெட்சலும் உதைத்தான், யோக்கியன் மாதிரி.

மறுவாரம் அவன் ஹின்டாவின் தலையைப் பிடித்து அடுப்பில் மோதினான். ஸ்லாட்டா தெருவுக்கு ஓடிவந்து கிலுகிலுப்பையைச் சுழற்றினாள்.

"பூரிம்தான் முடிஞ்சு போச்சேடி, பைத்தியமே!" என்று கத்தினேன்.

"ஆமான் எங்க வீட்ல இருக்கான், அத்தை! அம்மாவக் கொல்றான்!"

அதற்குமேல் கதவைச் சாத்த எவளுக்கும் முகமில்லை. மாவு தேய்க்கிற கட்டையோடு நான் முதலில் நுழைந்தேன். மாவுத் தொட்டியெல்லாம் ரத்தம்.

"என் வீட்டு விஷயம், போடி முண்டை!" என்று சாட்டையை ஓங்கினான்.

மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது. விழுந்தவனை மற்றவர்கள் மிதித்தார்கள். ஹின்டாவுக்கு மூச்சு இருந்தது. ஸ்லாட்டா அவன் முகத்துக்கு நேரே நின்று விடாமல் சுழற்றினாள். அவன் கெஞ்சியது எங்கள் காதில் விழவேயில்லை.