நூற்றுப் பதினாலாவது கேள்வி

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவரை எல்லோரும் ‘ரெண்டு நிமிஷம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபேன் நின்றாலும் சரி, மோட்டார் மக்கர் பண்ணினாலும் சரி, “ரெண்டு நிமிஷம், முடிச்சுடலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். பெரும்பாலும் முடித்தும் விடுவார். இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை. வயரை விரலால் தடவிப் பார்த்தே அது எத்தனை வருடப் பழசு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் இத்தனை வருடத்தில் அவர் பெயரில் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒரு காண்ட்ராக்டரின் உரிமத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி தாங்காமல் காண்ட்ராக்டர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்ததும், இவர் மின்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். தேர்வெழுதித் தகுதிச் சான்று வாங்காமல் இனி மீட்டர் பெட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, அதற்கு மேல் நேரில் கேள்வி. பாஸானாலும் விடுவதில்லை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்து பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம்.

“கரண்டுக்கு என்ன புதுசா கொம்பு முளைச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டு, முணுமுணுத்தபடியே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலைகளில் ஒரு தொழிற்கல்லூரியின் பின்பக்கப் பட்டறையில் வகுப்பு. பதினேழு பேர். எல்லோரும் வேலை தெரிந்தவர்கள், எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு டெஸ்டர். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு இவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஒரு பலகையில் கரண்ட் இல்லை என்பதை நிரூபித்துக் காட்டச் சொன்னார் முதல் நாள். பதினேழு பேரும் டெஸ்டரை உருவினார்கள். விளக்கு எரியாத டெஸ்டர், கரண்ட் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, அது கெட்டுப்போன டெஸ்டராகவும் இருக்கலாம் என்றார் டீச்சர். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெரிய குறை பாடினார். தன்னுடைய டெஸ்டர் இருபது வருடமாக ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று.

படிப்பதில்தான் சிக்கல். வினா விடைப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகிய கண். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் காய் நறுக்கிக்கொண்டே கேள்வியை வாசிப்பார். இவர் தரையில் மல்லாந்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார். நூறு கேள்வி தாண்டுவதற்குள் நியூட்ரல் எது, எர்த் எது என்று மனைவிக்கே பாதி புரிந்துவிட்டது.

நூற்றுப் பதினாலாவது கேள்வியையும் அதே குரலில்தான் வாசித்தார். எர்த் வயர் இல்லாத ஒரு வீடு. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் முனையையும் துண்டு வயரால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சாக்கெட்டுக்கு வருகிற நியூட்ரல் அறுந்துபோனால், அதில் மாட்டியிருக்கும் மெஷினின் உடம்பில் என்ன இருக்கும்?

“ஒண்ணும் இருக்காது. மெஷின் நின்னுடும், அவ்வளவுதான்.”

மனைவி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “தப்பு. முழு கரண்டும் இருக்கும்னு போட்டிருக்கு. தொட்டால் உயிர் போகலாமாம்.”

அச்சுப்பிழையாக இருக்கும் என்றார் இவர். பிழையென்றால் ஒரு எழுத்து மாறியிருக்கும், இங்கே ஆறு வரி விளக்கமே இருக்கிறதே என்றார் மனைவி. இவர் எழுந்து உட்கார்ந்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டார். ஒரு வயரில் கரண்ட் வருகிறது. மெஷினின் மோட்டாருக்குள் போகிறது. நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறது. அங்கே வழி அறுந்திருக்கிறது. வேறு எங்கே போகும்? பக்கத்தில் துண்டு வயர் இருக்கிறது. அதில் ஏறி, எர்த் முனை வழியாக, நேராக மெஷினின் தகர உடம்புக்கு. பென்சில் அங்கே போய் நின்றது. அவர் அதை எடுக்கவே இல்லை.

அந்தத் துண்டு வயர் அவருடைய கைவைத்தியம். பழைய வீடுகளில் எர்த் கிடையாது. பிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கும், வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். விரல் நீளத்துக்கு ஒரு வயரை வெட்டி, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் அந்தச் சுருக்கு மாயமாக மறைந்துவிடும். ரெண்டே நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே காண்ட்ராக்டர் செய்து காட்டியது. இவருக்குப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

“அக்கா வீட்டு மெஷின்” என்றார். போனை எடுத்து அக்காவின் நம்பரை அழுத்தினார்.

அவருடைய அக்கா வீட்டு வாஷிங் மெஷினுக்கு ஆறு வருடம் முன்னால் அவர்தான் அதைச் செய்து கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள். நாலு தடவை போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டு காலிலும் ஜோடி மாறிய செருப்போடு வண்டியை எடுத்தார். மனைவி பின்னால் ஏறிக்கொண்டார். கத்தியைக் கீழே வைக்க மறந்து கையிலேயே கொண்டுவந்திருந்தது பாதி வழியில்தான் அவருக்குத் தெரிந்தது.

அக்கா வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. குளியலறையில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். கூப்பிட்டுக்கொண்டே குளியலறைப் பக்கம் ஓடினார். அப்போது காலி வாளியோடு மாடிப்படியில் இறங்கி வந்தார் அக்கா.

“என்னடா, கத்தியும் கையுமா ரெண்டு பேரும்? யாரை வெட்டப் போறீங்க?”

நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மெஷினுக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே கரியாக இருந்தது. திருகு தளர்ந்து, நியூட்ரல் வயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் அதுவும் கழன்று கையோடு வந்தது. துண்டு வயர் மட்டும், அவர் முறுக்கி வைத்தபடியே, அசையாமல் இருந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரமாகவே மெஷின் நின்று நின்றுதான் ஓடுகிறது, தம்பியிடம் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார் அக்கா. நின்றால் ஒரு தட்டு தட்டுவாராம், ஓடிவிடுமாம்.

“கையாலயா தட்டுவே?”

“பின்ன, காலாலயா? சில நேரம் சுருக்குன்னு இருக்கும். ஈரக் கை, அதான்னு நெனச்சேன்.”

அவர் அக்காவின் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. குதிகால் வெடிப்புக்காக அக்கா வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதற்காக அவரை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார்.

மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முதலில் சிரித்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார்: “எனக்கு மட்டுமாடா இப்படிப் பண்ணினே?”

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டார்கள். அவர் மனசுக்குள் தெருத் தெருவாக நடந்தார், மனைவி எழுதினார். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, நாய் வளர்க்கிற தையல்காரர், மாடியில் குடியிருந்த இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. அறுபத்து மூன்று வீடு. மனைவி எண்ணிச் சொன்னபோது, இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். எண்ணிக்கை மாறவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னார். டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. வேறு யாரெல்லாம் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒரு கை உயர்ந்தது, இன்னொன்று, இன்னொன்று. பதினேழு பேரில் ஒன்பது கை. டீச்சர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்று பாடம் நடக்கவில்லை. துண்டு வயரை எடுப்பது, மண்ணில் குழி தோண்டி ஒழுங்கான எர்த் போடுவது, கசிகிற கரண்டைக் கண்டதும் தானே அணைந்துவிடும் பிரேக்கரை மாட்டுவது, இவற்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

அவர் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். வேலை இல்லாமல் வாசலில் வந்து நிற்கிறாரோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஒரு கடைக்காரர், நன்றாக இருப்பதை ஏன் கிளறுகிறாய் என்று உள்ளேயே விடவில்லை. இன்னொரு வீட்டில் துண்டு வயரை எடுத்தார். எர்த் போடும்வரை பிரிட்ஜை மாட்ட வேண்டாம் என்று கெஞ்சிச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துப் போனால், வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதே இடத்தில் புது வயர் மாட்டியிருந்தார்கள்.

முப்பத்தோராவது வீடு, ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாவுடையது. அங்கே சாக்கெட் காலியாக இருந்தது. அந்த பிரிட்ஜைத் தூக்கிப் போட்டு மூன்று வருடமாகிறது என்றார் அந்த அம்மா. ஒரு நாள் கதவைத் திறக்கப்போனபோது அது அவரைத் தூக்கி எறிந்ததாம். சுவரில் மோதி மணிக்கட்டு உடைந்ததாம். வலது கையை நீட்டிக் காட்டினார். அது பாதிக்கு மேல் திரும்பவில்லை.

அந்த அம்மா உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், படம் போட்டும் காட்டினார். அந்த அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஈரக் கையோட தொட்டேன்னு மூணு வருஷமா எங்க வீட்டுக்காரர் என்னைத் திட்டறார். நானும் அதான்னு நம்பிட்டேன்.”

“தப்பு என்னோடதும்மா.”

“என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா எப்படி? அவர் வரட்டும். அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க.”

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். அந்த அம்மா தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, இவரும் எதிர்பார்க்கவில்லை. கணவர் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பெரியவர் அடிக்கப் போகிறார் என்றே நினைத்தார். அவர் அடிக்கவில்லை. இவரைப் பார்க்கவும் இல்லை. கையிலிருந்த பையோடு மனைவியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டு, “இப்ப நீங்க போகலாம்” என்றார்.

தேர்வு நாளுக்குள் நாற்பது வீடு முடிந்திருந்தது. எழுத்துத் தேர்வில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செய்முறையில் ஒவ்வொரு முனையையும் மீட்டரால் மூன்று தடவை சோதித்ததில் நேரம் போய், கடைசி நிமிடத்தில்தான் மூடியைத் திருகினார். எர்த் இல்லாத வீட்டில் பிரிட்ஜ் சுருக்கென்கிறது, என்ன செய்வீர்கள் என்று நேர்முகத்தில் ஒரு அதிகாரி கேட்டார். பதில் தெரியும். ஆனால் டைப்பிஸ்ட் அம்மாவின் கைதான் முதலில் கண்ணில் வந்தது. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் அதிகாரி இரண்டு தடவை பேனாவால் மேசையைத் தட்டிவிட்டார். எப்படியோ பாஸானார். சான்று வந்த அன்று அக்காதான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

புதுப்பிப்புப் பயிற்சிக்கு மூன்று வருடம் காத்திருக்கவில்லை. டீச்சர் புதிதாக எது நடத்தினாலும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்னும் தனக்குத் தெரியாமல் என்னென்ன செய்து வைத்திருக்கிறோமோ என்ற பயம்தான் தன்னை இழுத்துக்கொண்டு போகிறது என்று மனைவியிடம் சொன்னார்.

முதலில் மறுத்தவர்களும் சேர்த்து, பட்டியலில் ஐம்பத்தைந்து வீடு முடிந்துவிட்டது. நான்கை இடித்துவிட்டார்கள். மீதி நாலு வீடு எந்தத் தெரு என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒன்றில் பச்சைக் கதவு, வாசலில் உடைந்த தையல் மெஷின், அவ்வளவுதான் ஞாபகம். போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஒரு பச்சைக் கதவு கண்ணில் பட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்ப நடந்து வந்து மணியடித்தார். அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு, ஒருமுறை சாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.