சினைமாட்டுத் தீனி

அக்கா வீட்டுக் கொட்டகையில் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. மாமா அதில் தீவனம் கலப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவார்கள். கேப்பை மாவும் சோள மாவும் தெம்புக்கு, மல்லாட்டைப் புண்ணாக்கு புரதத்துக்கு, தவிடு வயிறு நிறைய, தாது உப்பு எலும்புக்கு என்று சொல்லிக்கொண்டே கலப்பார். வெறும் வைக்கோலைப் போட்டு மாட்டை ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அனந்தபுரத்துப் பக்கம் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவரிடம்தான் யோசனை கேட்டார்கள்.

அக்கா முதல் பிள்ளையைச் சுமந்தபோது, கொட்டகையில் செவலைப் பசுவும் நிறைசினையாக இருந்தது. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே மாமா அதைக் கறப்பதை நிறுத்தினார். உடம்பு தேற வேண்டுமாம். தீனியைக் கூட்டினார். அந்தப் பசுவுக்கான புல்லை அக்காதான் அறுத்தாள், எட்டாம் மாத வயிற்றோடு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு. பெரும்பாலும் சோறும் ரசமும். காலையில் பழைய சோறு, ஊறுகாய்.

மாமா கெட்டவர் இல்லை. அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவர் என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நர்சம்மா வீட்டுக்கே வந்து எச்சரித்தார். “ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குது. முட்டை, கீரை, பருப்பு எல்லாம் குடுங்க. வெறும் வயித்துல மாத்திரை போட்டா அதுவும் ஒத்துக்காது.”

“நாங்க சாப்பிடறதத்தானே அவளும் சாப்பிடறா?” என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

நர்சம்மா போனதும் புண்ணாக்கு ஊறிய தொட்டியைப் பார்த்து அக்கா சிரித்தாள். “நானும் இதுல வாய வச்சிட்டா தேவலாம்டி.” நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாள் நெருங்கும் முன்பே அவளுக்கு வலி கண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தை பிழைக்கவில்லை. வெளியே வந்த டாக்டரம்மா மாமாவிடம், “தினமும் என்னதான் சாப்பிட்டாங்க?” என்று கேட்டார். எந்தப் புண்ணாக்கில் எவ்வளவு சத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர், என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதே வாரம் செவலை கொழுகொழுவென்று ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது. சீம்பால் தெரு முழுக்கப் போனது. அக்காவுக்கு அதற்குப் பிறகு பிள்ளை தங்கவே இல்லை.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடு வளர்ப்போர் கூட்டம். மாமாவும் பேசினார். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. “சினை மாட்டுக்குப் போடற தீனி ஒரு உசுருக்கு இல்லீங்க, ரெண்டு உசுருக்கு. அதுல கை சுருக்குனா பாவம்ங்க” என்றார். மண்டபமே கைதட்டியது.

என் பக்கத்தில் அக்கா மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தாள். பின்னால் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பிட்டுட்டுப் போக்கா” என்று கையைப் பிடித்தேன்.

“இந்த பஸ்ஸ வுட்டா பால் கறக்கற நேரத்துக்குப் போவ முடியாதுடி” என்று கையை விடுவித்துக்கொண்டு, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடத் தொடங்கினாள்.