செல்வதாஸின் குரல் தனியாக ஊர் சுற்றிய கதை

2016-ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செல்வதாஸின் குரல் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் கேட்டது. மண்டைக்காட்டில் அம்மன் கோவில் கொடைக்கு வந்த கூட்டத்திடம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னது. கொட்டாரத்தில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடைக்கு ஆள் கூப்பிட்டது. இராஜாக்கமங்கலத்தில் நாளைக்கு மின்சாரம் இருக்காது என்று எச்சரித்தது. அந்தக் குரலின் சொந்தக்காரரோ வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீன் கறியையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

இது மாயமில்லை. லீமா என்கிற பெண் போட்ட ஒரு நிபந்தனையால் வந்த வினை. அதைச் சொல்ல வேண்டுமானால் 2009-க்குப் போக வேண்டும்.

இராஜாக்கமங்கலத்தில் செல்வதாஸ் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. மைக் செல்வதாஸ் என்றால் தெரியும். ஆட்டோவின் மேல் இரண்டு கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, சாவு, திருவிழா, காணாமல்போன பசு என்று எதுவானாலும் ஊருக்குச் சொல்லும் வேலை. இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. மைக்கைக் கையில் கொடுத்தால் கடலில் நிற்கும் வள்ளத்துக்காரனுக்கும் கேட்கும். மைக்கை வாங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் காதை நீட்ட வேண்டும். அப்படி ஒரு தொண்டை. ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் “இராஜாக்கமங்கலம் செல்வதாஸ்” என்று தன் பேரையும் சேர்த்துவிடுவார். செத்தவர் பேரைவிட அது கொஞ்சம் அழுத்தமாகவே விழும். ஊர் அதைக் கிண்டல் செய்யும். மனிதர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்தத் தொண்டைதான் கம்மத் தொடங்கியது. காலையில் அரை மணி நேரம் குரல் தெளிவாக இருக்கும். அப்புறம் சுத்தமாக அடைத்துவிடும். நாகர்கோவிலில் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: குரல் நாணில் சின்ன முடிச்சு. பயப்படும் வியாதி இல்லை. பத்து நாளில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. மீறிப் பேசினால் குரல் திரும்பி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது.

செல்வதாஸ் பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதார். ஐம்பத்திரண்டு வயசு ஆள். அவருக்கு வேறு வேலை தெரியாது.

“ஆறு வாரம் அறிவிப்பு கிடையாது” என்று ஒரு நோட்டீஸ் அடிக்கலாம் என்று சந்திப்பிலிருந்த லீமாவின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். லீமா, ஊரின் மீனவர் குடியிருப்பான துறையில் பிறந்தவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அவள் கடையிலிருந்த ஆறு கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ்தான். முன்பெல்லாம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் குத்தும் பென் டிரைவ் ஒவ்வொன்றும் வைரஸைக் கொண்டுவந்து வாரம் ஒரு கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தது. வெறுத்துப்போய் இணையத்தில் தேடி, சும்மா அனுப்புகிறார்கள் என்று கண்டு, உபுண்டு என்கிற லினக்ஸ் குறுந்தட்டுக்கு எழுதிப்போட்டாள். ஹாலந்து முத்திரையோடு உறை வந்தபோது தபால்காரர், “உனக்கு ஹாலந்துல யாரு மாப்பிள்ள?” என்று கேட்டார். அன்றிலிருந்து கடிதம் அடிக்க ஓப்பன் ஆபீஸ், படம் திருத்த கிம்ப், கல்யாண சிடி பார்க்க அந்த ஆரஞ்சுக் கூம்பு போட்ட விஎல்சி என்று எல்லாமே காசில்லாத சாமான்தான். கடை அதற்குப் பிறகு ஒரு நாளும் படுக்கவில்லை.

“நோட்டீஸ் எதுக்கு அண்ணே?” என்றாள் லீமா. “நீங்க பேசி வச்சிட்டுப் போங்க. பெட்டி பேசட்டும்.”

“பெட்டி பேசுமாக்கும்! நாளைக்குச் சாவப்போறவன் பேரு பெட்டிக்கு எப்படித் தெரியும்?”

“பேரைத் தனியா, ஊரைத் தனியா, மணியைத் தனியா பேசுங்க. வேணுங்கதை வெட்டி ஒட்டிக்கிடலாம். ஆடாசிட்டின்னு ஒரு சாமான் இருக்கு.”

“அதுக்கு எவ்வளவு?”

“சும்மா.”

“சும்மா குடுக்கவன் நாளைக்கு வந்து தலையைக் கேப்பான்.”

“ஒண்ணும் கேக்க மாட்டான். நீங்களும் இன்னொருத்தருக்குச் சும்மா குடுக்கணும். அது மட்டும்தான் நிபந்தனை.”

எட்டு நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், ஷட்டரைப் பாதி இறக்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெளிவாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தைச் செல்வதாஸ் மைக்குக்குக் கொடுத்தார். ஊர்ப் பேர்கள், கிழமைகள், மணிகள். “காலமானார்.” “ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” “அனைவரும் வருக.” பிறகு ஆள் பேர்கள். அங்கேதான் வம்பு வந்தது. செல்வதாஸ் ஊரிலுள்ள எல்லோர் பேரையும் பேசி வைக்கிறார் என்று செய்தி பரவி, வயசானவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பேரைக் கேட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். துறையில் மீன் வியாபாரம் செய்து ஓய்ந்த சிலுவைதாசன், எண்பத்தொரு வயசு, ஹெட்போனைக் காதில் மாட்டித் தன் பேரை மூன்று தடவை கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுலே. கடப்புறம் வரைக்கும் கேக்கணும்லா.”

செல்வதாஸ் இழுத்துச் சொன்னார். கிழவருக்குத் திருப்தி. போகும்போது லீமாவுக்கு ஒரு பொதி நெத்திலிக் கருவாடு கொடுத்துவிட்டுப் போனார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செல்வதாஸ் வாயை மூடிக்கொண்டார். லீமா ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள், எல்லாம் அகர வரிசையில். இரண்டே நாளில் மனிதர் வெட்டவும் ஒட்டவும் படித்துக்கொண்டார். மனைவி ஜெபகனி தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். “வாய்தான் மூடியாச்சு, சத்தம் குறையல்ல” என்பாள். மரியஜான் என்ற ஓட்டுநரின் ஆட்டோவில் குரல் மட்டும் ஏறி ஊர் சுற்றிவிட்டு வரும். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. செல்வதாஸுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

நான்காவது வாரம் ஒரு கோவில் திருவிழாவுக்கு அறிவிப்பு செய்தார். திரையில் மேல் பட்டையில் பேச்சு, கீழ்ப் பட்டையில் செண்டை மேளம். பிரமாதமாக வந்தது. மறுநாள் விடிந்ததும் சிலுவைதாசன் இறந்துவிட்டார் என்று ஆள் வந்தது. அவசரம். புதிதாக ஒன்றைத் திறக்காமல், அதே திருவிழாக் கோப்பிலேயே பேச்சை மாற்றி ஒட்டினார். கண்ணில் பட்ட மேளத்தையெல்லாம் அழித்தார். திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் மேளம் இன்னும் ஒன்றரை நிமிஷம் நீண்டு கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. ஹெட்போனில் தன் பேர் வரும் வரைக்கும் கேட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. நிறுத்தி, குறுந்தட்டில் எழுதி மரியஜானிடம் கொடுத்தார்.

மரியஜான் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவன். காதில் பஞ்சு, அதன் மேல் துண்டு. துறை முழுக்கக் கேட்டது அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. “சிலுவைதாசன் அவர்கள் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இராஜாக்கமங்கலம் செல்வதாஸ்.” ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம் செண்டை மேளம், நடுநடுவே வெடிச்சத்தம். மறுபடியும் ஆழ்ந்த வருத்தம். மறுபடியும் மேளம். மூன்று தெரு தாண்டிய பிறகு, இறந்தவரின் மகன் ஜெஃப்ரின் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

“எங்கப்பன் செத்தது உங்களுக்குக் கொண்டாட்டமாலே?”

செல்வதாஸ் அடக்கத்துக்குப் போனார். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சாவு வீட்டில் எல்லோருமே வாய் திறக்காமல் கைகூப்பித்தான் நிற்பார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்த தாளை ஜெஃப்ரின் வாசிக்காமலே கிழித்தான். கிழவரின் மனைவி இசபெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. ஒரு வாரமாக ஒரு அறிவிப்பும் இல்லை. குரல் திரும்பி வந்தாலும் இனி அதைக் கேட்க ஆள் இருக்காது என்று செல்வதாஸுக்குத் தோன்றியது. சிலுவைதாசன் அவரை நம்பித் தன் பேரை மூன்று தடவை கேட்டுவிட்டுப் போன மனிதர் அல்லவா!

மைக்கில் செய்த தப்பை மைக்கில்தான் தீர்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். லீமா தன் குரலில் சொல்கிறேன் என்றாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தன் குரலில்தான் போக வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளையும் தேடினார். “மன்னிக்கவும்” என்று ஒரு துண்டு இல்லை. இருபது வருஷம் மைக் பிடித்த மனிதருக்கு அப்படி ஒரு வார்த்தை தேவைப்படும் என்று தோன்றவே இல்லை. இருப்பதை வைத்து ஒட்டினார்.

“துறை சிலுவைதாசன் அவர்களின் குடும்பத்தாருக்கு, இராஜாக்கமங்கலம் செல்வதாஸ், ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

கடைசி வரைக்கும் மூன்று முறை கேட்டார். திரையின் வலது ஓரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். மேளம் இல்லை. மரியஜான் கிளம்பிப் போனான்.

ஓடுகிற ஆட்டோ, கடற்காற்று வேறு. ஊர் காதில் பாதிதான் விழுந்தது: இராஜாக்கமங்கலம் செல்வதாஸ், ஆழ்ந்த வருத்தத்துடன். தொண்டையில் ஆபரேஷன் செய்த ஆள். போதாதா? இருபது வருஷமாக அந்தக் குரல் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பழகிய ஊர். செத்தவரே எப்படித் தன் சாவை அறிவிப்பார் என்று நின்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் அவர் வீட்டு முற்றத்தில் அறுபது பேர். இரண்டு மாலைகள். வாடகை நாற்காலிகூட வந்து இறங்கிவிட்டது. துக்க வீட்டை விட்டு வெளியே இறங்காத இசபெல், ஜெஃப்ரினின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஏ மக்கா செல்வதாசே! ஒரு மேளம் அடிச்சதுக்கா உயிரை விட்டே? நான் மூஞ்சைத் திருப்பினது பொறுக்கல்லியா மக்கா!”

செல்வதாஸ் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அழுகை கேட்டு, ஈரத் துண்டோடு முன்பக்கம் ஓடிவந்தார். பார்த்த இரண்டு பேர் அலறினார்கள். “நான் சாகல்ல” என்று கத்த வாயைத் திறந்தவரின் வாயை ஜெபகனி தேங்காய்க் கையால் இறுகப் பொத்தினாள்.

“பேசப்பிடாது! இன்னும் பத்து நாளு இருக்கு கேட்டியளா! பேசினா குரலு போயிரும்!”

முன்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அலறலைக் கேட்டு அவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். மேலும் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. செல்வதாஸ் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லவும் அவரிடம் துண்டு இல்லை. திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போகும் கிழவர்களுக்கென்று பேசி வைத்த துண்டுகள் இருந்தன. ஒட்டினார். கூரை மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒயரைச் செருகினார்.

“இராஜாக்கமங்கலம் செல்வதாஸ், பத்திரமாகக் கிடைத்துவிட்டார். உரியவர்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.”

முற்றத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். வேலிக்கு வெளியே இருந்தவர்களும் சிரித்தார்கள். மாலை கொண்டுவந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டார். ஜெஃப்ரின் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. இசபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து செல்வதாஸின் ஈர முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மனிதர் தேம்பித் தேம்பி அழுதார், சத்தமே வராமல். அதை எல்லோரும் பார்த்த பிறகு அவர் எதையும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலை வந்தது. கொட்டாரத்தில் மைக் செட் வைத்திருந்த வைகுண்டராஜன் இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு வந்து, அந்தக் குரல் துண்டுகளுக்கு என்ன விலை என்று கேட்டார். செல்வதாஸ் சிலேட்டில் “சும்மா” என்று எழுதிக் காட்டினார். கீழே இன்னொரு வரி: “நீரும் சும்மா குடுக்கணும்.” அப்படிக் கைமாறித்தான் அந்தக் குரல் மண்டைக்காடு வரைக்கும் போனது.

ஆறு வாரம் முடிந்த அன்று டாக்டர் சொன்னபடி செல்வதாஸ் வாயைத் திறந்து “ஆ” என்றார். நாண் சுத்தமாக இருக்கிறது, இனி பேசலாம் என்றார் டாக்டர். செல்வதாஸ் கும்பிட்டார், பேசவில்லை. ஜெபகனி பஸ்ஸில் கெஞ்சியும் பேசவில்லை. சந்திப்பில் இறங்கி நேரே துறைக்கு நடந்தார். இசபெல் வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றார்.

“மன்னிக்கணும் அக்கா” என்றார்.

“என்னதாம்லே? கேக்கல்ல.”

“மன்னிக்கணும்.”

இசபெல் அவரையே பார்த்தாள். “மைக்கு இல்லாம உனக்கு இவ்வளவுதான் சத்தமா மக்கா?” என்றாள். பிறகு கருவாட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். “அவருக்க நாப்பத்தொண்ணாம் நாளு பூசைக்கு ஊருக்குச் சொல்லணும். பெட்டி வேண்டாம். நீ வந்து வாயால சொல்லு.”

“சொல்லுதேன் அக்கா” என்றார் செல்வதாஸ்.