பனி நிற்காத சரிவு

ஆடம் ஹிஸ்லப் இன்று வந்த வழியில் நாளை வீடு திரும்பமாட்டார். ஓடையைச் சுற்றுவார், கல்வேலியைத் தாண்டுவார், பாதி தூரத்தில் நின்று பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பார். ஸ்காட்லாந்தின் அந்த மலைச்சரிவில் அவர் பின்னால் வர, அவர் மேய்க்கும் ஆடுகளை விட்டால் நாதி கிடையாது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் வந்த வியாதி இது. தபால்காரர் மழையைப் பற்றிப் பேசினாலும், "இவனுக்கு எதுக்கு அது?" என்று முணுமுணுப்பார். கோழித்தீவனம் விற்க வந்த புது ஆளின் பூட்ஸில் சேறே இல்லை என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

காரணம் இல்லாமலில்லை. ஜெர்மன்காரன் கரையிறங்கினால், அவன் முதுகுக்குப் பின்னால் பாலங்களைத் தகர்க்க அந்தப் பக்கத்து மேய்ப்பர், உழவர் ஐந்து பேரை, அவரையும் சேர்த்து, ராணுவம் ரகசியமாகச் சேர்த்திருந்தது. மேல்சரிவில் மண்ணுக்கடியில் அவர்களுக்கு ஓர் அறை. உள்ளே வெடிமருந்தும் குளிருக்கு ஓர் அடுப்பும். பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடக் கூடாது. அறையை மோப்பம் பிடித்தவர் யாரானாலும், பெயரை ராணுவக் கேப்டனிடம் கொடுத்துவிட வேண்டும். எதிரி வந்த அன்று, வாய் திறக்குமுன் முதல் குண்டு அந்தப் பெயர்க்காரர்களுக்குத்தான்.

ஜனவரியில் ஒரு காலை, ஓட்ஸ் கஞ்சியை ஊற்றிக்கொண்டே மனைவி எப்பி கேட்டாள்.

"ஏன்யா, மேச்சரிவுல ஒரே ஒரு எடத்துல மட்டும் பனி நிக்கல. உன் ஆடெல்லாம் அங்கயே போய்ப் படுத்துக் கெடக்கு. கீழ எவனாச்சும் அடுப்பு மூட்டியிருக்கானா?"

ஹிஸ்லப் கரண்டியைக் கீழே வைத்தார். "யார்ட்டயாவது சொன்னியா?"

"சொல்ற மாதிரி அதுல என்ன இருக்கு?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பிடிபடவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள்தான். ஆனால் தபாலாபீஸ் வாசலில் நின்றால் வாய் ஓயாது. தொழுவத்துக்குப் போய், புகையிலைக் காகிதத்தில் பென்சிலால் அவள் பெயரை எழுதினார். எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. கேப்டன் அன்று மாலை வருகிறார்.

சற்று நேரத்தில் எப்பி மண்வெட்டியோடு வெளியே கிளம்பினாள். கல்வேலிக்குப் பின்னால் குனிந்தபடியே அவர் தொடர்ந்தார். அவள் தபாலாபீஸ் பக்கம் திரும்பவில்லை. மேலே ஏறினாள். படுத்திருந்த ஆடுகளை விரட்டினாள். பிறகு புல் தெரிந்த இடத்திலெல்லாம் பனியை அள்ளிப் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி மூடினாள்.

ஹிஸ்லப் காகிதத்தை எடுத்தார். பெருவிரலில் எச்சில் தொட்டு, எழுத்து அழியும்வரை தேய்த்தார். தேய்த்து முடித்ததும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.