புதன்கிழமைப் பட்டினி

புது மாவட்டம் பிரிந்த கையோடு என் கணவருக்கு வேலூரிலிருந்து இங்கே கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் வந்தது. நாங்கள் குடிவந்தது ஊருக்கு வெளியே வேங்கிக்காலில். அங்கே அப்போது வீடுகளைவிட முள்செடிதான் ஜாஸ்தி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் ஊருக்குள் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் அவர், "சும்மா வீட்லதானே இருக்கீங்க, வந்து சீட்டு எழுதிக் குடுங்களேன்" என்றார். அந்த 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறவள் சும்மா இருக்கிறாளாம். அந்தக் கோபத்திலேயே மறுநாள் காலை அவரோடு பஸ் ஏறிவிட்டேன். ஏழு வருஷம் போனேன்.

சின்ன ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுவது, எந்த மாத்திரை எப்போது என்று படித்துச் சொல்வது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றுவது, இதெல்லாம் என் வேலை. புதன்கிழமை ஆபரேஷன் நாள். அன்றைக்கு மட்டும் வெளியூரிலிருந்து அறுவை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் வருவார்கள். செவ்வாய் சாயங்காலமே நோயாளிகள் வந்து படுத்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் எதுவும் படக்கூடாது என்று சொல்ல வேண்டும். யாருக்கும் அது பிடிக்காது. உடம்பு சரியில்லாதவளைப் பட்டினி போடுவது என்ன வைத்தியம் என்று கூட வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இந்த இடத்தில்தான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "பட்டினின்னு நினைக்காதீங்க. நாளைக்குக் கிருத்திகைன்னு நினைச்சுக்கோங்க. விரதம் இருக்க மாட்டீங்களா?" என்று கேட்பேன். மந்திரம் போட்டது போல முகமெல்லாம் மலர்ந்துவிடும். "அவ்ளோதானா!" என்பார்கள். நர்ஸ்கூட, "உங்களுக்குப் பேச வருதுங்க" என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விரதத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் வாழ்க்கையில் ஒரு வேளைகூட நான் இருந்ததில்லை. நான் பார்த்த ஒரே விரதம் என் அம்மாவுடையது. பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள். எல்லோருடைய விரதமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி வந்தது இரண்டாவது வருஷம். நாற்பது வயதிருக்கும், என் வயதுதான். கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு வருஷமாக ரத்தம் போய்ப் போய் நகமெல்லாம் வெளுத்திருந்தது. அவளை அழைத்துக்கொண்டு வந்தவள் அவளுடைய நாத்தனார். செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போலக் கிருத்திகைப் பாட்டைப் பாடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போனபோது அவள் தயாராக உட்கார்ந்திருந்தாள். வளையல்களைக் கழற்றியாகிவிட்டது. தாலிச் செயினை நாத்தனார் மடியில் முடிந்துகொண்டு, மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டிருந்தாள். நர்ஸ், "சாப்டீங்களா?" என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சீட்டில் அப்படியே எழுதியிருந்தது. நான் பேச்சுக்காக, "பசிக்குதா?" என்றேன்.

"இல்லக்கா. நீங்க சொன்னாப்பலயே இருந்துட்டேன். விடியக்காலம் குளிச்சிட்டு ரெண்டு வாழப்பழமும் ஒரு டம்ளர் பாலுந்தான். அரிசி தொடவே இல்ல" என்றாள், பெருமையாக.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிருத்திகை என்றால் அவர்கள் வீட்டில் சோறு கிடையாது, அவ்வளவுதான். பாலும் பழமும் விரதத்துக்கே உரியவை. அவள் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் சோறு, சோறு அவள் தொடவில்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவார் என்று நர்ஸ் எனக்கு முதல் வாரமே சொல்லியிருந்தார். அதுவரைக்கும் எத்தனை பேரை இப்படிப் பாலும் பழமுமாக நான் உள்ளே அனுப்பினேனோ, தெரியாது.

என் முகத்தைப் பார்த்தே நாத்தனார் புரிந்துகொண்டாள். என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிடாதீங்கம்மா. இவள இங்க இட்டுக்கினு வர எனக்கு ரெண்டு வருஷமாச்சு. இன்னைக்கித் திருப்பி அனுப்பிச்சா செத்தாலும் மறுபடி வரமாட்டா. ஒரு டம்ளர் பாலு, இந்நேரம் செரிச்சிருக்காதா?"

நான் உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விரல்விட்டு மணி கணக்குப் போட்டேன். செரித்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் விரதக் கதை வெளியே வரும், எல்லோர் முன்னாலும் என் மானம் போகும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. உள்ளே முதல் கேஸ் முடிந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வரும் சத்தம் கேட்டது. அடுத்தது அவள்தான். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. போய் நர்ஸிடம் சொன்னேன்.

"விரதம்னு யாருங்க சொன்னது?"

"நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மயக்க மருந்து டாக்டர் முடியாது என்றார், அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார். அவள் எழுந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போதுதான் திரும்பினாள்.

"நீங்க சொன்னதத்தானே செஞ்சேன். அப்புறம் நீங்களே போயி போட்டுக் குடுத்தா எப்டி?"



அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அவள் கட்டிலுக்கு வேறு ஒருத்தி வந்தாள். நாத்தனார் சொன்னது பலித்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நகங்களின் வெளுப்பு சமையல் செய்யும்போதும் கண்ணில் நின்றது. சனிக்கிழமை, சீட்டில் இருந்த ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு வேனில் நின்றுகொண்டே போனேன்.

மல்லாட்டை பிடுங்குகிற சமயம். வேப்பமரத்தடியில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தேன். எனக்கு ஆயத் தெரியவில்லை. காயோடு பாதி வேரும் வந்தது.

"தப்பு என்னுதுதான். விரதம்னு சொன்னது தப்பு. அதுக்கு மன்னிச்சுடுங்க. ஆனா நர்ஸ்கிட்ட சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றேன். மன்னிப்புக் கேட்கும்போதும் எனக்கு ஒரு வீம்பு.

அவள் கையிலிருந்த செடியை ஆய்ந்து முடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "பட்டினிகூடப் பெருசு இல்லக்கா. மயக்கம் குடுத்தா எழுந்திருப்பனான்னு பயம். தனியா வெறும் வயித்தோட அங்க உக்காந்திருந்தா அதே நெனப்பு வருது."

"நான் கூட இருக்கேன்."

"நீங்க சாப்ட்டுட்டு வந்து கூட இருப்பீங்க." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் பச்சத்தண்ணி குடிக்காம இருங்க. அப்ப வரேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சரி என்றேன். அதற்குப் பிறகு என் கையிலிருந்த செடியை அவளே வாங்கி ஆய்ந்து போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வந்து படுத்தாள். இந்த முறை ஒவ்வொரு கட்டிலிலும் தண்ணீர், பால், பழம், காபி, வெற்றிலை பாக்கு என்று ஒன்று விடாமல் பெயர் சொல்லிக் கூடாது என்றேன். மறுநாள் நானும் வெறும் வயிற்றோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சாப்டலியே?" என்று என்னை மூன்று தடவை கேட்டாள். பத்தரை மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்வரை என் கையை விடவில்லை.

காலை ஆறு மணிக்குக் காபி இல்லாவிட்டால் மனுஷியாக இருக்காதவள் நான். பன்னிரண்டு மணிக்குத் தலை வெடித்தது, கண் இருட்டியது. உள்ளேயிருந்து சேதி எதுவும் வரவில்லை. வாசலில் டீக்கடை. போனேன். ஒரு காபி குடித்துவிட்டேன். குடித்து முடித்த கணமே எனக்கு என்மேல் அப்படி ஓர் ஆத்திரம். இதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று, விரதத்தை நம்பாத நான், அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

நல்லபடியாக முடிந்தது. கட்டி பெரியது, இன்னும் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர். சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. நாத்தனார் ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணால் என்னைத் தேடினாள்.

"நீங்க சாப்டீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"மத்தியானம் தாங்க முடியல. ஒரு காபி குடிச்சிட்டேன்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் துழாவி என் விரலைப் பிடித்தாள்.

"காபிதானேக்கா" என்றாள். "அரிசி தொடலல்ல?"