இடப்பக்கத்துப் பெட்டி

இடப்பக்கத்துப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அவர் முடிவுகட்டி மூன்று வாரமாகிறது.

நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அவற்றுக்கு இடம் குறித்திருந்தார். இரண்டுக்கும் எதிரே, சரியான தொலைவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாடகி இரண்டு பெட்டிக்கும் நடுவே, காலண்டர் ஆணிக்கு நேர்கீழே வந்து நின்று பாடுவாள். அங்கே யாரும் இல்லை என்பது கண்ணைத் திறந்தால்தான் தெரியும்.

அவர் மனைவி அவற்றுக்கு வைத்த பெயர் சம்பந்திகள். "சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு மூலையில முறைச்சுக்கிட்டு நிக்குதுங்க. நான் பெருக்கினாக் கூட நகர்றதில்ல."

மூன்று வாரம் முன்பு பாடகி நகர்ந்தாள். வலப்பக்கமாக, ஜன்னல் ஓரத்துக்கு. மறுநாள் இன்னும் கொஞ்சம். இடப்பெட்டியில் குரல் இருந்தது. குரலின் மினுமினுப்பு போயிருந்தது. ஜால்ரா அடித்தால் துணி போர்த்தி அடித்தது போலிருந்தது.

"மேல எதையாவது வச்சியா?"

"உங்க சம்பந்தி தலையில நான் எதுக்கு வைக்கப் போறேன்? நீங்கதான் இப்பல்லாம் ஒரு தினுசா இருக்கீங்க. வலப்பக்கம் சாஞ்சு படுத்தா அலாரம் அடிச்சாலும் எழுந்திருக்கிறதில்ல."

"அசதி" என்றார்.

அசதிக்குக் காரணம் இருந்தது. அவருடையது லிஃப்ட் பராமரிப்பு வேலை. கம்பெனியில் அவருக்குப் பெயர் டாக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரின் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடுவார். உள்ளே உருளும் குண்டுகளில் ஒன்றுக்குத் தோல் உரிந்திருந்தாலும் சொல்லிவிடுவார். இதற்கென்று கருவிகள் உண்டு. அவர் "சரி" என்றுவிட்டால் யாரும் கருவியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. எப்போதும் இடக்கை, இடக்காதுதான். வலக்கை சுவிட்சை விட்டு விலகக் கூடாது என்று முதல் நாளே பழகியது, இருபத்தாறு வருடமாகியும் மாறவில்லை.

வியாழக்கிழமை ஆறு மாடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இரண்டாவது லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் போவது. லிஃப்டை ஓட்டும் அம்மாள் அவரை வழிமறித்தாள்.

"அண்ணே, நாலாவது மாடிக்கு மேல போனா, உச்சியிலேருந்து கறகறன்னு வருது. நல்லாப் பாருங்க."

மெஷின் ரூமுக்கு ஏறினார். ஸ்க்ரூடிரைவரை வைத்தார். அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியாக எந்த மோட்டாரும் அவரிடம் பேசியதில்லை. அங்கிருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்து, "வெண்ணெய் மாதிரி ஓடுது. கோளாறு உங்க காதுலதாம்மா" என்றார். அந்த அம்மாளும் சிரித்தாள்.

ஞாயிறு காலை பெட்டியைப் பிரித்து மேய்வது என்று உட்கார்ந்தார். மச்சினனைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அது அவர் தொழில் விதி. முதலில் ஒயர்களை இடம் மாற்றினார். நோய் இடப்பக்கமே இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் மாற்றிச் செருகியும் அப்படியே. கடைசியில் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினார்கள். வலப்பக்கம் போன நோயாளி கணீரென்று பாடியது. இடப்பக்கம் வந்த ஆரோக்கியசாலிக்குத் தொண்டை கட்டியது.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "அந்த மூலையில என்ன, பேயா குடியிருக்கு?"

"சுவரு" என்றார். "சுவர்ல ஏதோ இருக்கு. அலமாரியை நகர்த்து."

நகர்த்தினார்கள். திரையைக் கழற்றினார்கள். பேய் போகவில்லை. மச்சினன் மூச்சிரைத்து நாற்காலியில் விழுந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்தம்மா நடுவுலதானே பாடுது?"

"ஜன்னலோரம்டா."

"நடுவுல, மாமா. ஆணிக்குக் கீழ. இங்க வந்து உக்காந்து பாருங்க."

அவர் உட்காரவில்லை. மச்சினனை எழுப்பி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இப்போது பேய் மூலையை மாற்றிக்கொண்டது. இதுவரை கணீரென்று பாடிய பெட்டி மங்கியது. மங்கிய பெட்டி கணீரென்றது. அந்த அறையில் அவர் இடம் மாற்றிப் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

கையைத் தூக்கி வலக்காதைப் பொத்தினார். பாடகி ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து முனகினாள்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

அவருக்கு நினைவு வந்தது வெண்ணெய். வியாழக்கிழமை அவர் கேட்டது நல்ல பேரிங்கின் அமைதி இல்லை. பேரிங் இறுகினால் மோட்டார் தண்டு முறியும். தண்டு முறிந்தபின் பிரேக் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளியே சொன்னால், காது போன டாக்டருக்கு மெஷின் ரூமில் இடமில்லை. நாளைக்கே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் இன்று மதியமும் அதில் ஸ்ட்ரெச்சர் போகும்.

ஆஸ்பத்திரியில் அவர் படியேறித்தான் போனார். ஆறு மாடி. மெஷின் ரூமில் வழக்கம்போல நின்று, பிறகு கையை மாற்றினார். அந்தக் கைக்கு அது பழக்கமில்லை. வலக்காதில் பிடியை அழுத்தினார்.

கல்லை வாயில் போட்டு மெல்லுவது போலக் கேட்டது. சுற்றுக்குச் சுற்று, விடாமல்.

லிஃப்ட் அம்மாளைப் போனில் பிடித்தார். "ஆளை இறக்கிட்டு, கதவைத் திறந்து வச்சுட்டு நீங்களும் வெளிய வந்துடுங்கம்மா. உடனே."

"ஏண்ணே, கோளாறு என் காதுலதானே?"

"இல்லம்மா. என் காதுல."

அவள் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னதும் சுவிட்சை இறக்கினார். மோட்டார் நின்றது. பதிவேட்டில், தன் வியாழக்கிழமைக் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'மேற்படி சோதனை தவறு. எனக்கு இடக்காது கேட்கவில்லை.' எழுதி முடித்ததும் பதிவேட்டின் பக்கங்களைப் போல மற்ற கட்டடங்கள் ஒவ்வொன்றாக மனதில் புரண்டன. இந்த மூன்று வாரத்தில் அவர் "சரி" சொன்ன லிஃப்டுகள் இன்னும் பத்து இருந்தன. மெஷின் ரூமின் சின்ன ஜன்னலில் அவற்றில் மூன்று கட்டடங்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

மேலாளரை அழைத்தார்.

"என்ன டாக்டரே, ஞாயித்துக்கிழமை கூட நிம்மதியா விடமாட்டீங்களா?"

"பத்து லிஃப்டை நிறுத்தணும் சார். நான் பார்த்ததெல்லாம் செல்லாது. காது போச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "எது எது?"

சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவது கட்டடத்தின் பெயரைச் சொன்னதும், "யோவ், அது நான் இருக்கிற கட்டடம்யா" என்றார் மேலாளர். "என் வீட்டுக்காரியும் பசங்களும் இப்பதான் வெளிய கிளம்பினாங்க. இரு, இரு."

போனைக் கையில் பிடித்தபடியே ஓடும் காலடிச் சத்தம். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். அதற்கும் அப்பால், வலக்காதில் மிகத் தெளிவாக, ஒரு லிஃப்டின் கதவு மூடிக்கொள்வது கேட்டது.