கலந்து குடித்த கூழ்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வாசலில் நிற்கிற கூழ் வண்டியின் புளித்த வாடை இன்று மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆடி மாசம் எங்கள் காலனியில் எல்லா வீட்டுக் கூழையும் அம்மன் கோயில் அண்டாவில் கொட்டிக் கலக்குவார்கள், ஒரு வீட்டில் உப்பு தூக்கல், ஒரு வீட்டில் வெங்காயமே இருக்காது, எல்லாம் சேர்ந்த அந்தக் கூழுக்குப் பிள்ளைகள் நாங்கள் சொம்போடு முட்டி மோதுவோம், ஒரு வாய் உறிஞ்சியதுமே என் அம்மா, "கனகா, இந்த வருசமும் தீச்சிட்டியாடி?" என்று கத்துவாள், பக்கத்து வீட்டுக் கனகா அத்தை, "தீஞ்சதத்தான ரெண்டு சொம்பு குடிச்ச, போடி" என்பாள்.

பிறகு வயலெல்லாம் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவருக்குள் போனது, அவர்கள் விட்ட கழிவில் ஏரி நாறியது, நடவு வேலை இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. போன ஆடிக்குக் கனகா அத்தையாவது இருந்தாள். அவளையும் மகன் சோழவரத்துக்குக் கூட்டிப் போய்விட்டான்.

நேற்று அம்மாவிடம், "கூழுக்குக் கேவுரு அரைச்சிக்கினு வரட்டா?" என்று கேட்டேன்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நம்ம ஊட்டுக் கூழ நாமளே குடிக்கறதுக்குக் கோயிலு இன்னாத்துக்குடா?"